பார்ப்பவரை யார் பார்ப்பது?

மானசகங்கோத்திரியில் பயிலும் நம்மில் பலர் நாள்தோறும் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தின் பக்கமாக நடந்து போகிறோம். 1965ஆம் ஆண்டில் தோன்றிய நிறுவனம் அது. பேச வராத பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு தாய்மார்கள் பல ஊர்களிலிருந்தும் அங்கு வருகின்றனர். அவர்களுள் தமிழ் பேசுவோரும் உண்டு. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர்களோடு இரண்டொரு சொல் பேசியிருக்கிறேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில் வந்து முடியும்: "எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பது?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. எங்கள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தது. நாங்கள் சத்தியமங்கலத்துப் பக்கத்தவர்கள். அப்பா வேலைக்காகத் திம்பம் மலை ஏறி மைசூருக்கு வந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அம்மாயியும் மாமாவும் எங்களோடு வந்து சேர்ந்தனர். மாமா அம்மாவுக்கு இளையவர். இன்று அவருக்கு வயது 36. அறிவு வளர்ச்சி ஐந்து வயதுப் பிள்ளையினுடையது என்று மருத்துவர் சொன்னார். அம்மாயி ஒவ்வோர் இரவும் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு என்னைப் பார்த்து, "எனக்கப்பறம் இவன யாரு கண்ணு பாப்பாங்க?" என்பார். "நாங்க பாத்துக்கறோம் அம்மாயி" என்பேன். அவர் முகம் தெளியாது.

அன்று எனக்கு அது விளங்கவில்லை. இன்று ஓரளவு விளங்குகிறது. அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பார்த்தல் இரு வகை

தமிழில் 'பார்த்தல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பேணுதல், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம் என்பது இப்பொருளில். மற்றொன்று, கண்காணித்தல், கணக்கைப் பார்க்கிறோம் என்பது இப்பொருளில். தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத மக்களுக்கு இவ்விரண்டும் வேண்டும். பேணுவோர் ஒருவர், பேணுவதைக் கண்காணிப்போர் வேறொருவர். இவ்விரண்டும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும்?

ஆய்வுக்கூடத்தில் நாம் தராசைப் பயன்படுத்துகிறோம். அது சரியாக நிறுக்கிறதா என்பதை அந்தத் தராசையே கேட்டு அறிய முடியாது. நிறை தெரிந்த படிக்கற்களை வைத்துத்தான் சோதிக்கிறோம். தராசு நல்ல தராசாகவே இருக்கலாம், ஆயினும் சோதிக்கிறோம். தராசின்மீது நமக்குப் பகை என்பது அதன் பொருளன்று. அதை நம்பிப் பிறகு செய்யப்போகும் வேலை பெரிது என்பதே பொருள். முதியோர் இல்லம், மனநோயாளர் விடுதி, சிறப்புப் பள்ளி ஆகியவற்றை மேற்பார்வை செய்வதும் இத்தகையதே.

ஏர்வாடி

மேற்பார்வை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் ஒரு நாள் அதிகாலையில் கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் இல்லத்தில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

அங்கே சட்டம் இல்லாமல் இல்லை. மனநல இல்லம் நடத்த உரிமம் பெற வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கூறியிருந்தது. சங்கிலியும் இரகசியமாக இருக்கவில்லை. வழிபட வந்தவர்கள் கண்டனர், கடைக்காரர்கள் கண்டனர், அதிகாரிகளும் அவ்வழியே சென்றிருப்பர். எல்லாரும் கண்டனர், ஆனால் உள்ளே சென்று பார்த்து, எழுதி, பதில் கேட்க வேண்டியது தம் கடமை என்று எவரும் கருதவில்லை. தீ அணைந்த பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த இல்லங்கள் மூடப்பட்டன. 500க்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தனர். சில நாட்களில் செய்ய முடிந்த வேலையை அதற்கு முன் பல ஆண்டுகளாக ஏன் செய்யவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இன்றைய சட்டங்கள்

இன்று சட்டங்கள் விரிந்திருக்கின்றன. அவற்றுள் நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம். இது 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மாற்றுத் திறனாளிகளுக்கான நிறுவனம் எதுவும் பதிவு பெறாமல் இயங்கக் கூடாது. பதிவுச் சான்றிதழை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். மாற்றுத் திறனாளி ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், எவரும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்களும் நானும் தெரிவிக்கலாம்.

இரண்டாவது, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குழந்தைகள் தங்கும் இல்லங்களை ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் சென்று பார்க்க வேண்டும். குழுவில் மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவ அலுவலராகவும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம். பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் கோட்ட அளவிலுள்ள தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

நான்காவது, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். எங்கள் வீட்டுக்குள் வந்த சட்டம் இதுதான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்காக இயற்றப்பட்டது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் அவர் வயது வந்தவர். பெற்றவளே ஆனாலும் தாய் அவருக்காகக் கையொப்பமிட உரிமை இல்லை. மாவட்ட ஆட்சியரும், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் சார்பாளர் ஒருவரும், மாற்றுத் திறனாளி ஒருவரும் அடங்கிய உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. அவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். தவறினால் குழு அவரை நீக்கலாம்.

ஊராட்சியின் கடமை

இவை யாவும் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஏற்பாடுகள். மாவட்ட ஆட்சியருக்கு ஆயிரம் வேலை. தெருமுனை வீட்டின் பின்கட்டில் கட்டிப் போடப்பட்ட ஒருவரை அவர் எங்ஙனம் அறிவார்? அறியக் கூடியவர் வார்டு உறுப்பினரே. ஆகவே உள்ளாட்சிதான் மேற்பார்வையின் முதற் படி.

கர்நாடகத்தில் ஏறக்குறைய 6,000 கிராம ஊராட்சிகள் உள்ளன. ஊராட்சிக்கு ஒருவராகக் கிராம மறுவாழ்வுப் பணியாளர் என்னும் ஏற்பாடு இங்கே உண்டு. அவரே மாற்றுத் திறனாளியாக இருப்பார் என்பது இதன் சிறப்பு. வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து, சான்றிதழுக்கும் உதவித் தொகைக்கும் வழிகாட்டுவது அவர் பணி. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தம் நிதியில் 5 விழுக்காட்டை மாற்றுத் திறனாளிகளுக்கென ஒதுக்க வேண்டும். ஊராட்சிக்குள் சமூக நீதிக் குழு என ஒரு நிலைக்குழு உண்டு. ஆண்டுக்கொரு முறை 'ஜமாபந்தி' நடத்தி வரவு செலவை மக்கள் முன்னிலையில் சரிபார்க்கிறார்கள். குழந்தைகளே கூடிக் குறை சொல்லும் சபையும் உண்டு. அதற்குப் பெயர் 'மக்கள கிராம சபை'. நம்மவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எல்லாச் சபையும் மக்கள் சபைதானே?" என்றார். கன்னடத்தில் மக்கள் என்றால் குழந்தைகள். நம் மொழியிலும் மக்கட்பேறு என்பது குழந்தைப் பேறன்றோ? அந்தச் சபையில் சக்கர நாற்காலியில் வந்த ஒரு சிறுமி, "பள்ளிக்கூடக் கழிப்பறைக்கு நான் எப்படிப் போவது?" என்று கேட்டால், அதுவும் மேற்பார்வையே.

இத்தனையும் இருக்க, குறை எங்கே? அவையே இல்லாதபோது கேட்பார் இல்லாமற் போகிறது. நம் மைசூரு மாநகராட்சிக்கு 2023இல் 65 வார்டுகள் இருந்தன. உறுப்பினர்களின் பதவிக் காலம் 2023 நவம்பரில் முடிந்தது. நிர்வாகம் அதிகாரியின் கைக்குச் சென்றது. கர்நாடகத்து மாவட்ட, வட்ட ஊராட்சிகளின் காலம் 2021இல் முடிந்து, தேர்தல் ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போயிற்று. அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நிதியைச் செலவிடுபவரும் அவர், செலவு சரியா என்று பார்ப்பவரும் அவர் என்றால், தராசைத் தராசே சோதிக்கிறது என்றுதான் பொருள். 5 விழுக்காடு ஒதுக்கப்பட்டதா, அதில் எவ்வளவு செலவாயிற்று என்று எழுந்து கேட்க ஒரு வாய் வேண்டும்.

பிற இடங்களில்

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் ஒரு முறையை வகுத்தது. நகரவையின் ஆட்சிக் குழுவில் இடம்பெறாத உறுப்பினர்கள் தனிக் குழுவாக அமர்ந்து, முதியோர் பராமரிப்பையும் குழந்தைகள் நலத்தையும் ஆராய்வர். துறைத் தலைவர்களை அழைத்துப் பொதுமக்கள் முன்னிலையில் வினவுவர். அந்த முறையும் குறையற்றதன்று. 2011இல் பிரிஸ்டல் நகருக்கு அருகே ஒரு தனியார் மருத்துவமனையில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர்களை ஊழியர்களே அடித்ததைத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் மறைந்திருந்து படம் பிடித்தார். ஊழியர் ஒருவர் முன்னரே கொடுத்த முறையீட்டை எவரும் செவிமடுக்கவில்லை. மறு ஆண்டு 11 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் 6 பேர் சிறை சென்றனர். குழுக்கள் இருந்தால் மட்டும் போதாது; வந்த முறையீட்டைப் படிக்க வேண்டும் என்பது அதன் பாடம்.

கேரளத்தில் ஊராட்சிகள் ஒரு படி மேலே சென்றன. 2004இல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூர் ஊராட்சி, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காக 'பட்ஸ்' பள்ளியைத் தொடங்கியது. குடும்பஸ்ரீ மகளிர் துணை நின்றனர். இன்று அத்தகைய நிலையங்கள் 300க்கு மேல். பிள்ளை உள்ளூரிலேயே இருக்கிறது. மாலையில் வீட்டுக்கு வருகிறது. உடம்பில் ஒரு காயம் இருந்தால் அன்றிரவே தாய்க்குத் தெரிந்துவிடும். இதைவிடச் சிறந்த மேற்பார்வை எது?

தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் ஒரு திருத்தம் நிறைவேற்றியது. ஒவ்வோர் உள்ளாட்சி அவையிலும் மாற்றுத் திறனாளிகள் நியமன உறுப்பினராக அமர வழி செய்தது அது. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேருக்கு இடம் கிடைக்கும் என அரசு அப்போது கூறியது. மேற்பார்வை யாருக்காகவோ, அவரே அவையில் அமர்வது புதுமை. நாம் வாழும் மாநிலமும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த கணக்கு

அம்மாயி இப்போது இல்லை. அவர் மறைந்த பின் மாமாவை ஓர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். பார்க்கச் சென்றோம். முன்னறையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். உள்ளே போக விடவில்லை. சுவரில் கடவுள் படங்கள் இருந்தன. பதிவுச் சான்றிதழ் இல்லை. திரும்பிவிட்டோம்.

மாமாவுக்கு ஊரில் வந்துகொண்டிருந்த உதவித் தொகையும் மாநிலம் மாறியதும் நின்றுபோயிற்று. அடையாள அட்டை நாடு முழுவதற்கும் ஒன்று. உதவித் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கன்னடத்தில் விண்ணப்பம் எழுதத் தெரியாமல் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தோம். இடம்பெயர்ந்து வாழும் ஏழைத் தமிழர் வீடுகளில் இது பொதுவான துன்பம்.

பிறகு அம்மா காப்பாளர் ஆனார். சொத்துப் பட்டியல் கேட்டுக் கடிதம் வந்த அன்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் தம்பிக்குச் சோறு போட நான் எதுக்குக் கணக்குக் காட்டணும்? என்மேலே சந்தேகமா?" என்றார். நான் என்ன சொல்வது? இரவு அமர்ந்து நானே எழுதினேன்: ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, ஒரு வங்கிப் புத்தகம், அம்மாயி விட்டுப்போன ஒரு தோடு. எழுதி முடித்ததும் அம்மா அதை வாங்கிப் படித்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாளைக்கு நானும் இல்லேன்னா, அடுத்து வர்றவங்ககிட்டயும் இப்படிக் கேப்பாங்களா?" என்றார். "கேட்பார்கள் அம்மா" என்றேன். "அப்ப சரி" என்று கையொப்பமிட்டார்.

அம்மாயியின் முகம் ஏன் தெளியவில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று. நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பதை அவர் ஐயப்படவில்லை. நாங்கள் பார்க்கிறோமா என்று பார்க்க ஒருவர் வேண்டும் என்றே அவர் மனம் தேடியிருக்கிறது. அன்புள்ள அக்காளிடமே கணக்குக் கேட்பது முறை எனின், பணம் வாங்கி நடத்தும் இல்லத்திடம் கேட்பது எவ்வளவு முறை!

நாம் செய்யக் கூடியது

நண்பர்களே, நாம் மாணாக்கர், அதிகாரம் இல்லாதவர்கள். ஆனால் கண்ணும் எழுத்தும் இருக்கின்றன. கன்னடம் எழுதத் தெரிந்தவர்கள் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், நம் குடியிருப்புகளில் எத்தனையோ தாய்மார்களின் விண்ணப்பங்கள் நிறைவு பெறும். தொண்டு செய்ய இல்லங்களுக்குச் செல்லும்போது, இனிப்புக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், சான்றிதழ் எங்கே, ஆய்வுக் குழு கடைசியாக எப்போது வந்தது என்று பணிவாகக் கேட்கலாம். உங்கள் ஊரில் கிராம சபை கூடும் நாளில் விடுமுறைக்குச் சென்றிருந்தால், ஒதுக்கிய நிதி என்னவாயிற்று என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று கைபிசைந்து நிற்கிறோம். வேலியை நாளும் சுற்றி வருபவன் ஒருவன் இருந்தால், அந்த நிலை வருவது அரிது.