டார்ச் லைட் யார் கையில் இருக்கப் போகிறது?

"டாக்டரய்யா, எந்தக் கம்பெனி டார்ச் லைட் நல்லாயிருக்கும்?"

மூட்டு வலிக்குத் தைலம் வாங்க வந்த ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்டார். "வைத்தியர்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பான டார்ச் லைட்டை வாங்கிக் கொடுத்து, பெற்ற தாயை மூன்று மாதம் படுக்கையில் போட்டவன் நான்!

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பூர்வீக வீடு திருநெல்வேலிப் பக்கம். பழைய காலத்து வீடு. கழிப்பறை புறவாசலில் இருக்கும். அம்மாவுக்கு அப்போது 76 வயது. ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்து போவார். தலையணைக்குப் பக்கத்தில் இரண்டு கட்டை போடுகிற பழைய டார்ச் ஒன்று எப்போதும் இருக்கும். பேட்டரி ஒழுகி அதன் ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது. 'அம்மாவுக்கு நல்லதா ஒண்ணு வாங்கிக் கொடுப்போம்' என்று, விலை அதிகமான சார்ஜ் டார்ச் ஒன்றை வாங்கிப் போனேன். அரை கிலோமீட்டர் தூரம் அடிக்கும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது.

அதன் சுவிட்ச் பின்பக்கம், ரப்பருக்குள் இருந்தது. ஒரு தடவை அமுக்கினால் பெரிய வெளிச்சம். இன்னொரு தடவை அமுக்கினால் சின்ன வெளிச்சம். மூன்றாவது தடவை 'மினுக் மினுக்' என்று விட்டு விட்டு எரியும். அம்மா அதை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "யய்யா, இது எனக்கு ஒத்து வராது. அந்தப் பழசையே ரிப்பேர் பண்ணிக் குடு" என்றார். "எல்லாம் பழகிடும்மா" என்றேன்.

பத்தாவது நாள். விடிகாலை மூன்று மணி. அம்மா சுவிட்சை அமுக்க, மினுக்கு வெளிச்சம் வந்திருக்கிறது. மறுபடி அமுக்கியிருக்கிறார். பெரிய வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுக் கண்ணைக் கூசியிருக்கிறது. ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் கால் படியில் தவறிவிட்டது. வலது இடுப்பு எலும்பு முறிந்துபோனது.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற பரம்பரைதான் எங்களுடையது. ஆனால், வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைக்கக் கூடாது. படுக்கைப் புண், சளிக் காய்ச்சல், காலில் ரத்தம் உறைதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். உடனே எலும்பு டாக்டரிடம் போய் அறுவை சிகிச்சை செய்தோம். மூன்று மாதம் கழித்து வாக்கர் பிடித்து எழுந்தார்.

அன்றிலிருந்து யார் டார்ச் லைட் பற்றிக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "அது யார் கையில் இருக்கப் போகுது?"

கண்ணுக்கும் வயசாகும்

இருபது வயசுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயசுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது. கண்மணி சிறுத்துவிடுகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. 'அப்படியானால் பெரியவர்களுக்கு ரொம்பப் பெரிய வெளிச்சம் வேண்டுமே' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன்!

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். தூங்கி எழுந்த கண் இருட்டுக்குப் பழகிய கண். அதில் திடீரென்று பளீர் வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் நொடியில் கலைந்துவிடும். வயதான கண்ணுக்கு, அதிலும் புரை விழத் தொடங்கிய கண்ணுக்கு, கூச்சம் தெளிய இன்னும் அதிக நேரம் ஆகும்.

அதனால் வீட்டுக்குள் நடமாட 10, 20 லூமென் வெளிச்சமே தாராளம். லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. கொல்லைக்கும் தெருவுக்கும் 100 முதல் 200 லூமென் போதும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு 300-க்கு மேல் இருக்கலாம். ராத்திரி எழுந்து போகிறவர்களுக்கு மஞ்சள் சாயல் உள்ள வெளிச்சம் நல்லது. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் கண்ணையும் கூசும், தூக்கத்தையும் கலைக்கும்.

'500 மீட்டர் அடிக்கும்' என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று அர்த்தமில்லை. டார்ச் லைட்டுக்கான அமெரிக்க அளவுமுறைப்படி, அத்தனை தூரத்தில் முழு நிலா வெளிச்சம் அளவுக்கு ஒளி விழுந்தாலே போதும். தூரம் அடிக்கிற டார்ச்சின் வெளிச்சம் ஒரே புள்ளியாகக் குவியும். காலடியைப் பார்க்க வேண்டியவர்களுக்கு அகலமாகப் பரவுகிற வெளிச்சம்தான் தேவை.

கட்டையா, சார்ஜா?

கட்டை போடுகிற டார்ச்சின் பெரிய வசதி, பெட்டிக்கடையில்கூட பேட்டரி கிடைக்கும் என்பது. ஒரு கட்டை 1.5 வோல்ட். பழைய கட்டையோடு புதுக் கட்டையைக் கலந்து போடாதீர்கள். மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். தீர்ந்த கட்டையை வெயிலில் காயவைத்துப் போடும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. அதில் தற்காலிகமாகக் கொஞ்சம் உயிர் வருவதுபோல் இருக்கும். ஆனால் கட்டையின் துத்தநாகக் கூடு ஏற்கெனவே அரித்துப்போயிருக்கும். உள்ளே இருக்கும் ரசாயனம் ஒழுகி டார்ச்சையே கெடுத்துவிடும். ஒழுகினதை வெறும் கையால் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும்.

சார்ஜ் டார்ச்சில் இரண்டு ரகம் உண்டு. விலை குறைந்த பெரிய டார்ச்கள் பலவற்றில் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். அதைச் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்தால் செத்துப்போகும். தினமும் டார்ச் எடுக்கிற வீட்டுக்குத்தான் அது சரி. இன்னொன்று 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி. அது நீண்ட நாள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் மெத்தையின் மேல் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. உப்பிப்போன பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. கட்டைவிரல் அளவுள்ள 18650 ரக லித்தியம் பேட்டரியில் '9900 எம்.ஏ.எச்.' என்று அச்சடித்து விற்கிறார்கள். அந்த அளவுள்ள நல்ல பேட்டரி 3500-ஐ ஒட்டித்தான் வரும். 9900 என்று போட்டிருந்தால் அது பொய் என்று வைத்துவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை மறக்க முடியுமா? தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. முதல் ராத்திரியே செல்போன்கள் அணைந்தன. இரண்டாவது ராத்திரி சார்ஜ் டார்ச்கள் படுத்துவிட்டன. கடைசிவரை எரிந்தது, பக்கத்து வீட்டு ஆச்சியின் இரண்டு கட்டை டார்ச்தான். குழந்தைக்குப் பால் காய்ச்சவும், மாடிக்கு ஆட்களை ஏற்றிவிடவும் அதுதான் தெருவுக்கே விளக்கு! வீட்டில் சார்ஜ் டார்ச் எத்தனை இருந்தாலும், கட்டை போடுகிறது ஒன்றும், பிரிக்காத புதுக் கட்டை ஒரு ஜோடியும் இருக்கட்டும்.

சரி, எந்தக் கம்பெனி?

எங்கள் தாத்தா காலத்தில் டார்ச் என்றால் எவரெடி, ஜீப். அப்புறம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிப்போ வந்தது. இன்றைக்கு ஆன்லைனில் பேர் தெரியாத நூறு பிராண்டுகள் கிடைக்கின்றன. பிராண்டு பார்க்கத்தான் வேண்டும். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து அல்ல. கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

* பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முழு முகவரி, தயாரித்த மாதம், வருடம், விலை, புகார் செய்யும் போன் நம்பர் எல்லாம் இருக்கிறதா? முகவரி இல்லாத பொருளுக்கு கியாரண்டி என்று சொல்வது வெறும் பேச்சு.

* பேட்டரிக் கட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? தேதி தாண்டாமல் இருக்கிறதா?

* பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா? அந்தப் பேட்டரி உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா?

* எத்தனை லூமென், எத்தனை மணி நேரம் என்று இரண்டும் போட்டிருக்கிறதா? ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு இன்னொன்றை மறைத்தால் உஷார்!

* மழையில் எடுத்துப் போக ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறி போதும், சாரலைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கம்பெனி எதுவானாலும் வாங்கலாம். இரண்டு கம்பெனி ஒத்து வந்தால், உங்கள் ஊரில் ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கிற கம்பெனியை எடுங்கள்.

கடைசியாக ஒரு பரீட்சை உண்டு. யாருக்கு வாங்குகிறீர்களோ அவர் கையில் கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். மூட்டு வாதம் வந்து விரல் வளையாதவர்களுக்கு அமுக்குகிற சுவிட்சைவிட மேலும் கீழும் தள்ளுகிற சுவிட்ச் சுலபம். ஒரே வெளிச்சம் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. கனமும் பாருங்கள். வாக்கர் பிடிப்பவருக்குக் கனமான டார்ச் ஒரு சுமை. கழுத்தில் தொங்கவிடக் கூடிய சின்ன டார்ச் அவருக்கு உதவும்.

கொல்லைக்குப் போகும்போது...

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். அது கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது. கொல்லைக்கோ மாட்டுத் தொழுவத்துக்கோ போகிறவர் செருப்புப் போட்டு, டார்ச்சைக் காலுக்கு முன்னால் அடித்து நடக்க வேண்டும். விறகு அடுக்கில் கை விடும் முன் அங்கேயும் அடித்துப் பாருங்கள். இந்த வேலைக்குச் செல்போன் வெளிச்சம் போதாது.

மீறிக் கடித்துவிட்டால் மூலிகை தேடிக்கொண்டு என்னைப் போன்றவர்களிடம் வராதீர்கள். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன்: விஷமுறிவு ஊசி உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட இடம் அசையாமல் பார்த்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்

சாவிக்கொத்தில் தொங்குகிற பொடி டார்ச்சுகளில் பொத்தான் மாதிரி பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கித் தொண்டைக் குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். மூடி ஸ்குரூ போட்டு இறுக்கப்படாத டார்ச்சைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. பெரிய டார்ச்சைக் குழந்தையின் கண்ணுக்கு நேராக அடித்து விளையாடுவதும் ஆபத்து.

இன்னொரு விஷயம். 'கண் மஞ்சளா இருக்கா பாருங்க' என்று டார்ச் அடித்துக் காட்டுவார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் காமாலை மறைந்துவிடும். அதைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

இன்று ராத்திரியே செய்யுங்கள்

உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவர் படுக்கப் போகும் முன் எல்லா விளக்கையும் அணையுங்கள். அவர் கையில் டார்ச்சைக் கொடுத்து, கழிப்பறைவரை நடக்கச் சொல்லி நீங்கள் கூடவே போங்கள். எங்கே தடுமாறுகிறார், எங்கே கண் கூசுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எழுந்ததும் நடக்காமல் ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்கப் போகிறார் என்றால் சர்க்கரையும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டும் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனையும் அவசியம். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளி எல்லாம் கண்ணுக்கு நல்லதுதான். ஆனால் விழுந்த புரையைக் கீரை எடுக்காது.

அம்மா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். பழைய டார்ச்சுக்குப் புது ஸ்பிரிங் போட்டு, மஞ்சள் எல்.இ.டி. பல்பு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்த விலை உயர்ந்த டார்ச் என் கிளினிக்கில் இருக்கிறது. தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இது நல்லாயிருக்கே, இது எந்தக் கம்பெனி?" என்றார்.

"கம்பெனி இருக்கட்டும். உங்க வீட்டம்மா கையில குடுங்க. கண்ணை மூடிக்கிட்டுப் போடட்டும், பாப்போம்" என்றேன்.

சிரித்த அம்மாள் சுவிட்சைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "வேண்டாங்க, நமக்குத் தள்ளுற சுவிட்சே வாங்குங்க" என்றார்.