சொல்லுக்காகக் காத்திருக்கும் வகுப்பறை

புதுச்சேரியின் பழைய வீதிகளில் பெயர்ப்பலகைகள் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டுள்ளன. எழுத்து வேறுபட்டாலும் அவை சுட்டும் வீதி ஒன்றே. வாயால் பேச இயலாத மாணவர் ஒருவர் படத்தைத் தொட்டுத் தம் கருத்தை உணர்த்துவதும் அத்தகையதே. அதுவும் ஒரு மொழியே. அதனை அவரைச் சூழ்ந்திருப்போரும் கற்றல் வேண்டும்.

துணையும் மாற்றும்

பெருமூளை வாதம், ஆட்டிசம் முதலிய நிலைகளால் சிலருக்குப் பேச்சு முழுமையாக அமைவதில்லை. அதனால் அவர்களிடம் எண்ணமே இல்லை எனக் கருதுவது பிழை. சைகை, பட அட்டை, எழுத்துப்பலகை, ஒலிக்கருவி ஆகியவற்றால் கருத்தைத் தெரிவிப்பதே துணை மற்றும் மாற்றுத் தொடர்பாடல் எனப்படும். இருக்கும் பேச்சுக்கு உதவும்போது அது துணை. பேச்சின் இடத்தில் நிற்கும்போது மாற்று.

சார்லஸ் பிளிஸ் 1949-இல் வெளியிட்ட குறியீடுகள், 1971-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பேச இயலாத குழந்தைகளுக்குக் கற்பிக்கப்பட்டன. நம் சென்னையில் வித்யாசாகர் நிறுவனத்தின் துணையோடு அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்', தொடப்படும் படங்களைக் குரலாக மாற்றுகிறது. இவற்றைப் பயன்படுத்தினால் பேச்சே வராமற்போகும் எனச் சிலர் அஞ்சுவர். ஆய்வுகள் அவ்வச்சத்தை மெய்ப்பிக்கவில்லை.

கருவிக்கு முன் மனிதர்

கருவி கிடைத்த அளவில் உரையாடல் பிறந்துவிடாது. குழந்தை பேசத் தொடங்குமுன் பல மாதங்கள் பிறர் பேச்சைக் கேட்கிறது. அதுபோலவே படமொழி கற்பவரும் பிறர் அதனைக் கையாள்வதைக் காண வேண்டும். ஆகவே, தாம் பேசும்போதே உரிய படங்களைத் தொட்டுக் காட்டுதல் ஆசிரியர் பெறவேண்டிய முதற்பயிற்சி. மாணவர் 'நான்', 'நூலகம்', 'போ' எனத் தொட்டால், "நூலகத்திற்குப் போக வேண்டும் என்கிறாயா?" என வேற்றுமை உருபும் வினைமுற்றும் சேர்த்து ஆசிரியர் விரித்துரைப்பார்.

இரண்டாவது பயிற்சி, காத்திருத்தல். வினா எழுப்பியபின் பத்து நொடியேனும் அமைதி காத்தல் எளிதன்று. படத்தைத் தேடி விரலை நகர்த்துவோர்க்கு அந்நேரம் இன்றியமையாதது.

மூன்றாவது, சொற்களைத் தேர்தல். 'தண்ணீர்', 'கழிப்பறை' என்னும் பெயர்ச்சொற்கள் மட்டும் இருந்தால் மாணவர் கேட்க இயலும்; மறுக்க இயலாது. 'வேண்டாம்', 'ஏன்', 'நிறுத்து', 'வலிக்கிறது' என்பனவும் பலகையில் இருத்தல் வேண்டும். தமக்கு நேர்ந்த தீங்கை எடுத்துரைக்கச் சொல் இல்லாதவர் பாதுகாப்பும் இல்லாதவரே. தண்டனையாகப் பலகையைப் பறித்தல், வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

சட்டமும் நாமும்

புதுச்சேரியில் சத்யா சிறப்புப் பள்ளி 2003 முதல் இயங்கிவருகிறது. எனினும் இப்பயிற்சி சிறப்புப் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 17-ஆம் பிரிவு, அனைவரையும் உள்ளடக்கிய கல்விக்குப் பணியாளரைப் பயிற்றுவிக்கவும் இத்தொடர்பு முறைகளை ஊக்குவிக்கவும் அரசைப் பணிக்கிறது. ஆசிரியரோடு வகுப்பு உதவியாளர், மதிய உணவு வழங்குவோர், பேருந்தில் உடன்வருவோர் ஆகியோரும் அம்மொழியை அறிந்தாலன்றி, மாணவரின் குரல் வகுப்பறை வாயிலோடு நின்றுவிடும்.

உடன் பயிலும் நாமும் அவ்வட்டத்தில் உள்ளோம். அத்தகைய நண்பரிடம் பேசுகையில் உதவியாளரை நோக்காது அவர் முகத்தை நோக்குவோம். அவர் சொல்லை நாமே முடிக்காமல், விரல் சென்று சேரும்வரை காத்திருப்போம்.