சிறு இடத்துச் சங்கீதம்

சங்கீதம் வளரப் பெரிய மண்டபம் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியன்று என்பதற்கு இரண்டு ஊர்கள் சான்று.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஓவியக் கடை ஒன்று இருந்தது. ஜாஸ் வாசிக்கும் முதிய கலைஞர்களுக்கு மேடைகள் அருகி வந்த காலத்தில், கடைக்காரர் அவர்களை அழைத்து அங்கேயே வாசிக்கச் செய்தார். 1961இல் அவ்விடமே 'பிரிசர்வேஷன் ஹால்' ஆயிற்று. சிறிய அறை, சில பலகைகள், எஞ்சியோர் தரையிலோ நின்றபடியோ கேட்பர்.

நம் நாட்டில், பெங்களூர் சாமராஜப்பேட்டையில் 1939இல் எஸ். வி. நாராயணசுவாமி ராவ் ஸ்ரீராமசேவா மண்டலியைத் தொடங்கினார். பின்னர் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலில், ராமநவமியையொட்டி அது நடத்திய கச்சேரிகளில் செம்பை, எம். எஸ். சுப்புலட்சுமி போன்ற மேதைகள் பாடினர். பேட்டை முயற்சி நாடறிந்த விழாவாயிற்று. காரணம், ஆண்டுதோறும் விடாது நடத்தியமையே.

கரோல் பாக்கில் ஒரு காலத்தில் அடுத்தடுத்து வசித்த நம்மவர், இன்று மயூர் விஹார், துவாரகா எனப் பல திசைகளிலும் பரவிவிட்டனர். இங்குப் பிறந்த குழந்தைகள் ராகத்தைக் கைப்பேசியில் கேட்கின்றனர். பாடகரும் மிருதங்கக்காரரும் ஒருவரையொருவர் நோக்கிப் புன்னகைத்துக்கொள்ளும் அந்தக் கணத்தை அவர்கள் எங்கே காண்பார்கள்?

மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, புத்தக அலமாரியருகே ஒரு ஜமக்காளம் விரித்தால் போதும். வயலின் பயிலும் நம் பிள்ளைகளே முதலில் வாசிக்கட்டும். முதல் மாதம் பத்துப் பேர் வந்தால் குறையில்லை. இரண்டாம் மாதம் நிறுத்திவிடுவதே குறை.