இளைப்பாறும் ஊரும் இருவர் உத்தியோகமும்

கண்டி மாநகரை ஒருமுறை கண்டவர்க்கு, முதுமையை அங்கே கழிக்கலாம் என்ற ஆசை எழாதிருப்பது அரிது. கடைசி மன்னன் அமைப்பித்த வாவி, அதன் கரையில் தலதா மாளிகை, பின்னே உடவத்தைக் காடு, சுற்றிலும் ஹந்தானை மலையின் நீலம். கொழும்பின் வெயிலிலும் இரைச்சலிலும் முப்பதாண்டு உத்தியோகம் பார்த்தவனுக்கு இவ்வளவும் போதாதா? அனிவத்தையிலும் அம்பிட்டியாவிலும் குண்டசாலையிலும் சிறு வீடும் பூந்தோட்டமுமாக அமர்ந்திருக்கும் இளைப்பாறிய ஆசிரியர்களையும் அதிகாரிகளையும் காணுந்தோறும் எனக்கும் அந்த ஆசை வளர்ந்தே வந்தது.

எனக்கு வயது 54. அரசாங்க ஆசிரியன். 55 நிறைந்தபின் விரும்பி இளைப்பாறலாம். 60இல் கட்டாயமாக இளைப்பாற வேண்டும். ஆகவே, கண்டிக்குப் போய்விடலாம் என்று ஒருநாள் மாலை வெள்ளவத்தை வீட்டில் மெல்லப் பேச்செடுத்தேன். தனியார் நிறுவனமொன்றில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் என் மனைவி, பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்களுக்குக் கண்டி இளைப்பாறுகிற ஊர். எனக்கோ அது வேலை போகிற ஊர். எனக்கு வயது 47தான். இரண்டும் ஒரே ஊர்தானா என்று முதலில் கணக்குப் பாருங்கள்."

கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே வாசகர் முன் வைக்க விரும்புகிறேன். இத்தகைய ஆசை உள்ள குடும்பங்கள் பல என்பதை நான் அறிவேன்.

என் பங்கு எளிது. கடைசிச் சம்பளத்தையும் சேவைக் காலத்தையும் ஒட்டி எனக்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கும். இளைப்பாறாமல் இடமாற்றம் கேட்டாலும் கண்டியில் தமிழ்மொழிப் பள்ளிகள் இல்லாமற் போகவில்லை. ஆனால் 13ஆவது திருத்தத்துக்குப் பின் பள்ளிகள் தேசியப் பாடசாலை, மாகாணப் பாடசாலை எனப் பிரிந்திருப்பதால், ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது நினைத்தவுடன் நடப்பதன்று.

அவள் பங்கோ வேறு. தனியார் துறையில் ஓய்வூதியம் இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12 செலுத்துகின்றனர். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 செலுத்துகிறார். ஆக, மாதந்தோறும் சம்பளத்தில் 23 வீதம் முதுமைக்கென்று சேர்கிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் துறையில் இளைப்பாறும் ஆகக் குறைந்த வயதை 60 ஆக்கியது. அப்படியானால் அவளுக்கு இன்னும் 13 ஆண்டுகள், அதாவது 156 மாதங்கள் உள்ளன. 156 மாதத்தில் 23 வீதம் என்றால், சம்பளம் உயராது, வட்டியும் சேராது என்று வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 36 மாதச் சம்பளம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வேறு. 13 ஆண்டுக்கு ஆறரை மாதம். மாதந்தோறும் கைக்கு வரும் சம்பளத்தை விட்டுவிட்டாலும், 42 மாத ஊதியத்தை அவள் என் ஆசைக்காக மலையடிவாரத்தில் கொட்டிவிட்டு வரவேண்டும். இதை நான் ஒருநாளும் நினைத்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

"கண்டியில் வேலையே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. 1952இல் கொழும்பிலிருந்து பெயர்ந்து பேராதனையில் நிலைகொண்ட பல்கலைக்கழகம், கண்டித் தேசிய வைத்தியசாலை, விவசாயத் திணைக்களம், பல்லேகலைக் கைத்தொழிற் பேட்டை, உல்லாசப் பயணிகளை நம்பிய விடுதிகள் ஆகியவை பல்லாயிரவரைப் போஷிக்கின்றன. முதியோர் மிகுந்த ஊரில் மருத்துவத் தாதிக்கும் மருந்தாளருக்கும் பராமரிப்பாளருக்கும் தேவை குறையாது. ஆனால் தேவை இருப்பது ஒன்று. 47 வயதுக் கணக்காளருக்கு, இன்று பெறும் சம்பளத்தில், புதிய இடத்தில் நாற்காலி கிடைப்பது வேறொன்று. அங்கே அலுவலக மொழி பெரும்பாலும் சிங்களம். பேச்சுச் சிங்களம் வல்லவள் என் மனைவி. எழுத்துச் சிங்களத்தை இனித்தான் பழக வேண்டும்.

வாரந்தோறும் போய்வரலாமே என்றால், 1867 முதல் கண்டிக்குப் புகையிரதம் உண்டு; வழி சுமார் 72 மைல். ஆனால் 2025 நவம்பரில் வீசிய டிட்வா புயல் மலைநாட்டுப் புகையிரதப் பாதையைப் பல இடங்களில் சிதைத்ததையும், மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தில் எத்தனை வீடுகளைப் புதைத்தன என்பதையும் கண்டபின், அந்தப் பாதையை நம்பி ஒரு சீவியத்தை அமைக்க மனம் துணியவில்லை. சரிவில் வீடு கட்ட எண்ணுவோர் தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய மதிப்பீட்டைப் பெறுவதை வெறுஞ் சடங்காகக் கருதலாகாது.

சட்டமும் மாறாததன்று. அரசாங்க ஊழியர் இளைப்பாறும் வயது 2022இல் 65 ஆக உயர்ந்து, அவ்வாண்டு முடிவிலேயே 60 ஆக இறங்கியதை நாம் கண்டோம். அந்த ஓராண்டில் போட்ட திட்டங்கள் எத்தனை கலைந்தனவோ!

இவ்வேளை ஒரு பழைய தம்பதியர் நினைவுக்கு வந்தனர். 1903இல் ஆனந்தக் குமாரசுவாமி கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்க இலங்கை வந்தபோது, உத்தியோகம் அவருடையது. மனைவி எதலுக்கு ஒன்றுமில்லை. ஆயினும் கண்டிச் சீமையின் ஊர்களில் கைவினைஞரைத் தேடிச் சென்ற அந்தப் பயணங்களில் புகைப்படக் கருவி அவர் கையில் இருந்தது. 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை அவர் எடுத்த படங்கள் அணிசெய்கின்றன. இதைச் சொல்லி, "உமக்கும் அங்கே ஏதேனும் ஒரு வேலை அமையும்" என்றேன்.

அவள் சிரித்தாள். "அந்த அம்மாவுக்குப் படம் எடுத்ததற்குச் சேமலாப நிதி கட்டினார்களா?" என்றாள்.

விடை என்னிடம் இல்லை. ஆகவே முடிவை மாற்றிக்கொண்டோம். வெள்ளவத்தை வீட்டை விற்பதில்லை. நான் 55இல் இளைப்பாறுவதும் இல்லை. அவள் எழுத்துச் சிங்களம் படிக்கிறாள். கண்டியிலுள்ள நிறுவனங்களுக்கு இங்கிருந்தபடியே விண்ணப்பிக்கிறாள். அவள் கையில் நியமனக் கடிதம் வந்த பின்னரே நான் இடமாற்றம் கேட்பேன்; போனாலும் முதலாண்டு வாடகை வீடுதான். கடிதம் வராவிட்டால், 60 வரை இந்த வெயிலே எனக்குப் போதும்.

ஹந்தானை மலை எங்கும் போய்விடாது. அவளுடைய 13 ஆண்டுகள் போனால் திரும்பி வரா.