ஊர்க் கிணற்றைத் தூர்வாருபவர் யார்?

கணினியில் ‘கொ’ என்னும் எழுத்தைத் தட்டுகிறோம். நினைவகத்தில் அது ககரமும் அதனைத் தொடரும் ஓர் உயிர்க்குறியுமாக, இரண்டு குறியீடுகளாகவே சேமிக்கப்படுகிறது. திரைக்கு வரும்போது அவ்வுயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்கிறது. ஃபயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபிஸ், ஆண்டிராய்டு ஆகியவற்றில் எழுத்துருவின் துணையோடு இவ்வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே மென்பொருள் நூலகம். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். அதற்காக நாம் காசு கொடுத்ததில்லை. அதன் பெயரைக்கூட நம்மில் பலர் கேட்டதில்லை.

இத்தகையவற்றைத் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து வளர்ந்த ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் கருத்து இதற்கு மூத்தது. ஆங்கிலத்தில் விடுதலைக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே பெருங்குழப்பம் உண்டு. நம் ‘கட்டற்ற’ என்னும் சொல் அதற்கு இடம் தரவில்லை. ஆயினும் நடைமுறையில் நாமும் ‘இலவசம்’ என்றே பொருள் கொள்கிறோம்!

இத்துறையில் எழும் மனக்குறைகள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன. பிறர் அனுப்பும் திருத்தங்களைப் படித்து, சோதித்து, ஏற்பதா தள்ளுவதா என முடிவு செய்பவர் பராமரிப்பாளர். புதிய நிரல் எழுதுவதினும் இது கடினம், புகழும் குறைவு. பகலில் வேறு பணி பார்த்து, இரவில் இதனைச் செய்வோர் பலர். திருத்தம் அனுப்பிய மாணவரோ மாதக்கணக்கில் விடையின்றிக் காத்திருந்து சோர்கிறார். அதனைச் செருக்கு என அவர் எண்ணக்கூடும். பல வேளைகளில் அது நேரமின்மையே. பயனர், கடையில் விலை கொடுத்து வாங்கிய பொருளில் குறை கண்டவர்போல் கடிந்து எழுதுகிறார். ‘உள்ளது உள்ளபடியே தருகிறோம், உத்தரவாதம் இல்லை’ என்னும் பொருள்பட உரிமங்கள் பலவும் வெளிப்படையாகவே கூறுகின்றன. அவ்வரிகளைப் படிப்பார் அரியர்.

இச்சோர்வு எங்கே கொண்டுவிடும் என்பதற்கு எக்ஸ்இசட் என்னும் மென்பொருளின் கதை சான்று. தரவைச் சுருக்கும் இக்கருவி லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ளது. பின்லாந்து நாட்டவர் ஒருவர் பல்லாண்டுகளாக ஏறத்தாழத் தனியாளாகவே அதனைப் பேணி வந்தார். 2021-இல் ‘ஜியா டான்’ என்னும் பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022-இல் வேறு சில பெயர்களில், பணி மந்தமாக நடக்கிறது, புதிய பராமரிப்பாளர் வேண்டும் என்று நெருக்கும் மின்னஞ்சல்கள் வந்தன. இது ஊதியமற்ற பொழுதுபோக்குப் பணி என்பதை நினைவிற்கொள்ளுமாறு அவர் விடையளித்தார். நெருக்கியவர்கள் இட்டுக்கட்டிய ஆட்கள் என்பதே ஆய்ந்தோர் பலரின் கருத்து. உதவ முன்வந்த புதியவரிடம் பொறுப்பு சிறிது சிறிதாகச் சென்றது.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளவழி புகுத்தப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வாயிலை அந்நியர் திறக்க அது வகைசெய்தது. தீய நிரல், சோதனைக்கென வைத்த கோப்புகளுக்குள் மறைந்திருந்தது. அதனை வெளிக்கொணர்ந்து இயக்கத் தேவையான வரிகளோ, எல்லாரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தன. பல கண்கள் பார்த்தால் பிழை மறையாது என்பது இத்துறையின் பழைய நம்பிக்கை. நாம் அதனை முழுமையாக ஏற்பதற்கில்லை. கதவு திறந்திருக்கிறது என்பதனாலேயே எவரேனும் உள்ளே வந்து பார்ப்பார் என்று சொல்ல முடியாது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் வேறொரு சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டார். அந்த அரை நொடியைப் பொருட்படுத்தாமல் விடாததால் உண்மை வெளிப்பட்டது. மார்ச் 29 அன்று அவர் அதனை அறிவித்தபோது, அப்பதிப்புகள் பெரும்பாலும் லினக்ஸ் வழங்கல்களின் சோதனை நிலையிலேயே இருந்தன.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 2014 ஏப்ரலில், ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்னும் பிழை வெளிப்பட்டது. இணையத்தின் மறைகுறியாக்கத்தில் பெரும்பங்கு வகித்த அந்நூலகத்தில் முழுநேரம் உழைத்தவர் ஒருவரே. நேராக வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். அதே மாதத்தில் லினக்ஸ் அறக்கட்டளை பெருநிறுவனங்களைச் சேர்த்து நிதி திரட்டியது. வீடு பற்றியெரிந்தபின் கிணறு வெட்டிய கதைதான், ஆயினும் வெட்டினார்கள்.

நிதி ஒன்றே மருந்தன்று. எக்ஸ்இசட் பராமரிப்பாளருக்குத் தேவைப்பட்டது நம்பத்தகுந்த இன்னொரு கை. அதனைத் தர நிரலாளராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. எந்தப் பதிப்பில், எந்தப் படியில், என்ன நேர்ந்தது என்று தெளிவாக எழுதிய பிழைக்குறிப்பு ஒன்றே பராமரிப்பாளரின் ஒரு மாலைப்பொழுதை மீட்டுத் தரும். தமிழ் எழுத்து திரையில் உடைந்து தெரிந்தால் ‘தமிழ் வரவில்லை’ என்றெழுதாமல், எந்த எழுத்து, எந்த எழுத்துருவில் என்று குறிப்பிட நம் மாணவரால் இயலும். தமிழறியாத நிரலாளரால் அது இயலாது.

‘ஜியா டான்’ யார் என்பது இன்னும் உறுதியாகவில்லை. கள்ள நிரலை நீக்கி, 2024 மே மாதம் 5.6.2 பதிப்பை வெளியிட்டவர் அந்தப் பழைய பராமரிப்பாளரே.