வீராணத்துத் தண்ணீரும் மிஞ்சும் சோறும்

லால்பேட்டையில் அரிசி எப்படி விளைகிறது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வரும் காவிரித் தண்ணீர் மதகு தாண்டி வயலுக்குப் பாய்வதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. 2004 முதல் சென்னையின் தாகத்தையும் இந்த ஏரி தணிக்கிறது. ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. சோற்றைக் கொட்டும்போது அந்தத் தண்ணீரும் சேர்ந்தே போகிறது.

வீணாவது எங்கே?

கல்யாண மண்டபத்தைக் கைகாட்டிவிடுவது நம் வழக்கம். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை வேறு கணக்குச் சொல்கிறது. 2022இல் உலகம் முழுவதும் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது.

நோன்பு மாதம்

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் இருந்து கஞ்சி வீட்டுக்கு வந்துவிடுகிறது. அரிசி, பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு சேர்ந்த அந்தக் கஞ்சியே வயிற்றை நிறைக்கும். அதோடு வடை, சமோசா, பழம், சர்பத். இதற்கு மேல் இரவுக்கென்று முன்கூட்டியே ஆக்கிய சோறுதான் பெரும்பாலும் மிஞ்சுகிறது. நோன்பு திறந்தபின் யாருக்குப் பசிக்கிறது என்று கேட்டுவிட்டு உலை வைக்கலாமே. சஹன் என்னும் பெரிய தட்டில் நாலு பேர் சேர்ந்து உண்ணும் பழக்கமும் நல்லது. வேண்டியதை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். தனித்தட்டில் குவித்துவிட்டு மிச்சம் வைக்க நேராது.

சூடுபடுத்தினால் சரியாகிவிடுமா?

எல்லாம் சரியாகிவிடாது. இதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும் சூட்டையும் தாங்கும். சோறோ பிரியாணியோ வெளியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நம் ஊர் வெயிலில் அண்டாவை மூடிவைத்துவிட்டுக் காலையில் திறப்பது ஆபத்து. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரங்களில் பரப்பி ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாளுக்குள் ஒரே ஒரு முறை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதானால் சூடாக இருக்கும்போதே கொடுங்கள்; கெடும் தறுவாயில் உள்ளதைக் கொடுப்பது தர்மம் ஆகாது.

பழைய சோறு

சோறு ஆறியதும் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி ஊறவிட்டால், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கும். காலையில் இளம்புளிப்பு வாசம் இருக்க வேண்டும். கொழகொழப்போ கெட்ட நாற்றமோ வந்தால் சாப்பிடாதீர்கள். இரவெல்லாம் வெளியில் கிடந்த சோற்றில் காலையில் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. சர்க்கரை நோயாளிகள் இதிலும் அளவு பார்க்க வேண்டும்.

சாப்பிட முடியாத காய்கறித் தோல், முட்டை ஓடு போன்றவற்றைக் காய்ந்த சருகோடு தொட்டியில் போட்டு மக்கவையுங்கள்; முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் எருவாகும். அவை குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகிப் புவியைச் சூடாக்குகிறது.