நவாப்பை உருவாக்கும் கேம்!

சுட்டுத் தள்ளும் கேம்கள் சலித்துவிட்டனவா? துருக்கியின் டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2010-ல் வெளிவந்த 'மவுண்ட் அண்ட் பிளேடு: வார்பேண்ட்' விளையாடிப் பாருங்கள். அரியணைக்கு உரிமை கோரும் ஒருவரை நீங்கள் ஆதரிக்கலாம். அவர் உங்கள் படையிலேயே சேர்ந்துகொள்வார். மன்னரின் பிரபுக்களைப் பேசி இழுத்து, கோட்டைகளைப் பிடிக்க வேண்டும்.

இது நம்ம ஊர்க் கதைதான். 1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் இறந்ததும், சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரர்களும், முகமது அலியை ஆங்கிலேயர்களும் ஆதரித்தனர். 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752-ல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். வென்ற முகமது அலி கடனில் மூழ்கினார். வாரிசுகள் காலத்தில், 1801-ல், ஆட்சியே கம்பெனி வசமானது.

கேமில் அந்தக் கம்பெனி நீங்கள்தான்! ஆதரவு தரும் முன், தனி ஸ்லாட்டில் சேவ் செய்ய மறக்காதீர்கள். முகமது அலிக்கு அந்த வசதி இல்லை.